பரணிக்குப் புதினாக் குழல்

“நான் குடிக்கல மே, எத்தினி தடவ சொல்றது உங்கிட்ட—”

“கோடு ஒண்ணுதான வந்துகீது, ரெண்டு வந்திருக்கணும் இல்ல—”

“கோட்டுக்கு இன்னா தெரியும், பீடியத் தொட்டு முப்பத்தெட்டு நாளு ஆவுது—”

“தொடாத ஆளுக்கு எப்டி வரும், சாமி அன்னிக்கே சொன்னாரு, குழல் பலிக்கலன்னா ஒளிஞ்சி குடிக்கிறான்னு அர்த்தம்னு—”

திருப்பதியில் ஒரு ரத்தக்குழாய் டாக்டரின் கிளினிக். அங்கே லேப் வாசலில் கிடந்த இரும்பு பெஞ்சின் மேல்தான் இந்தச் சண்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் நோயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை தமிழில் நடந்தது. தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்கும் அது நன்றாகவே விளங்கியது.

சண்டை போட்ட ஆண் முனிரத்தினம். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். பெண் அவன் மனைவி கல்பனா. அதே கொட்டகையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இருவருக்கும் நடுவே, பெஞ்சின் மேல், சுண்டு விரல் அகலத்தில் ஒரு சோதனைப் பட்டை கிடந்தது. அதை மூத்திரத்தில் முக்கி எடுத்தால் உடம்பில் புகையிலைச் சத்து இல்லாதவனுக்கு இரண்டு கோடு வரும். இருப்பவனுக்கு ஒன்றுதான் வரும். முனிரத்தினத்துக்கு ஒன்று வந்திருந்தது.

பெஞ்சுக்குக் கீழே அவனுடைய இடது கால். அதில் கட்டை விரலுக்கு அடுத்த விரல், அடுப்பில் சுட்ட கத்தரிக்காயின் நிறத்தில் இருந்தது.

டாக்டர் முதல் தடவையே தெளிவாகச் சொல்லியிருந்தார். புகையிலை உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்குகிறது. விட்டுவிட்டால் கால் இருக்கும், விடாவிட்டால் முதலில் விரல் போகும், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரை. விடுவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். ஒரு மந்திரமும் சொல்லவில்லை, நட்சத்திரமும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட டாக்டரை எவன் நம்புவான்?

ஆகவே அவர்கள் வாயுநாத சுவாமிகளிடம் போனார்கள்.

சுவாமிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு முன் அவர் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் போன் உறையும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தார். அப்போது அவர் பெயர் சுரேஷ்பாபு. பிறகு ஒருநாள் காளஹஸ்தியில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது காதில் காற்று பேசியதாம். காளஹஸ்தி வாயுத் தலமாயிற்றே, அங்கே காற்று பேசாமல் வேறு எங்கே பேசும்? நாள்தோறும் ஆயிரக்கணக்கான பேர் அந்த வாசலில் நுழைந்து வெளியேறுகிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை பேசாத காற்று, சார்ஜர் விற்கிறவரிடம் மட்டும் நின்று நிதானமாகப் பேசியது. பேசியதன் சாரம், புகைப்பழக்கம் என்பது பழக்கமே அல்ல, அது ராகு. நெருப்போடு போகும் புகையில் ராகு குடியிருக்கிறான். நெருப்பில்லாத குழலில் வாயு குடியிருக்கிறான். ராகுவை விட்டு வாயுவைப் பிடி.

குழல் எங்கே கிடைக்கும் என்றும் காற்று சொல்லியிருந்தது போல. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், செவ்வாய்க்கிழமைதோறும்.

பட்டணத்தில் அந்தச் சாமானுக்கு எலக்ட்ரானிக் சிகரெட் என்று பெயர். உள்ளே பேட்டரி, ஒரு சொட்டு திரவம், அதைச் சூடாக்கி ஆவியாக்க ஒரு கம்பி. சர்க்கார் 2019லேயே விற்கக் கூடாது என்று தடை போட்ட சாமான். சுவாமிகள் அதற்குக் காவி உறை போட்டார். உறையின் மேல் தன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். ‘வாயுக்குழல்’ என்று பெயர் வைத்தார். தடை சிகரெட்டுக்குத்தானே, சாமிக்கு இல்லையே.

கூட்டம் எங்கிருந்தெல்லாமோ வந்தது. நகரி, புத்தூர், வரதய்யபாளையம், குடுபல்லியிலிருந்துகூட பஸ் மாறி மாறி வந்தார்கள். மண்டபத்து வாசலில் இருந்த பெட்டிக்கடைக்காரனுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தீபாவளி. உள்ளே போய் ஒரேயடியாக விடப்போகிறோமே என்று எல்லோரும் கடைசியாக ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தார்கள். கியூ நீளமாக இருந்ததால் கடைசியாக இன்னொன்று.

உள்ளே முதலில் வேட்டி அற்புதம். சுவாமிகளின் சீடன் ஒருவன், பெயர் அண்ணாதுரை. பெயர் வைத்த அப்பா என்ன நினைத்து வைத்தாரோ, பிள்ளை இங்கே விபூதித் தட்டு தூக்கிக்கொண்டிருந்தான். அவன் ஒரு வெள்ளை வேட்டியின் ஓரத்தை வாயில் வைத்துப் பீடிப் புகையை ஊதினான். துணியில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. இன்னொரு ஓரத்தை வைத்துக் குழலின் ஆவியை ஊதினான். துணி வெள்ளையாகவே இருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சோற்றுப் பானையின் ஆவிகூட வேட்டியைக் கறைப்படுத்தாதுதான், ஆனால் சோற்றுப் பானைக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவில்லை. நகரிக்காரர்கள் முன்னால் போய் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். நெசவாளர்கள் அல்லவா? நூல் என்ன நம்பர், கரை எந்த ஊர் என்று பார்த்துத் தங்களுக்குள் பேசி முடிவு கட்டினார்கள். வேட்டியைப் பற்றி அவர்களை ஏமாற்ற எவனாலும் முடியாது. அதன் மேல் ஊதியது என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது முதல் குழலைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. முதல் குழலைத் தானாக எடுப்பவன் ராகுவின் வாயில் தலையைக் கொடுக்கிறான் என்று சுவாமிகள் மைக்கில் எச்சரித்தார். நட்சத்திரம் இருபத்தேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு வாசனை. ரோகிணிக்கு மஞ்சள் குழல், அன்னாசி. மகத்துக்கு ஊதா, மாம்பழம். பரணிக்குப் பச்சை, புதினா. நட்சத்திரம் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆதார் அட்டை போதும், பிறந்த தேதியைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணித்துவிடலாம்.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம். ஆதார் எடுத்த காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களிடம் பிறந்த தேதி கேட்டபோது பலருக்குத் தெரியவில்லை. ஏரி உடைந்த வருஷம், பெரியப்பா செத்த வருஷம் என்று சொன்னார்கள். எழுதுகிறவர் குத்துமதிப்பாக வருஷத்தை மட்டும் போட்டார். தேதிக்கும் மாதத்துக்கும் ஜனவரி ஒன்று என்று விழுந்துவிட்டது. அதனால் நகரியில் தெருவுக்குப் பத்துப் பேர் வெள்ளைக்காரன் புதுவருஷத்தில் பிறந்தவர்கள். முனிரத்தினம் 01-01-1979. அவனை அழைத்துப் போன பக்கத்து வீட்டு ஜெகநாதனும் 01-01-1979. ஜெகநாதன் இவனைவிட நான்கு வயது மூத்தவன் என்பது இருவர் வீட்டாருக்கும் தெரியும்.

“இது உங்க நெஜமான பொறந்த நாளா?” என்று யாரும் கேட்கவில்லை. முனிரத்தினம் பரணி என்று கம்ப்யூட்டர் சொல்வதாகச் சொன்னார்கள். பச்சைக் குழல் கைக்கு வந்தது. சார்ஜ் போடும்போது வடக்குப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அவன் பீடியைத் தொடவில்லை. அது நிஜம். கல்பனா தெருவெல்லாம் சொன்னாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டாள். சாமி ஒன்று செய்துகொண்டிருக்கும்போது மாத்திரை வேறு எதற்கு?

ஆனால் விரல் கறுத்துக்கொண்டே வந்தது.

பெஞ்சில் சண்டை இன்னும் ஓயாதபோது லேப் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கேசியா. அந்த லேபில் பன்னிரண்டு வருஷமாக வேலை. சித்தூரில் பழைய மிஷன் சபைத் தமிழ்க் குடும்பம். சண்டையின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது. அவள் வெளியே வந்து, சாமி கொடுத்த குழலைக் காட்டச் சொன்னாள். கல்பனா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிக் கொடுத்தாள்.

கேசியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முனிரத்தினத்திடம், முன்பு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டாள். ஏழு, மிஞ்சினால் எட்டு. ஏன் அவ்வளவு குறைச்சல்? அவன் விளக்கினான். தறிக் கொட்டகை பூராவும் பஞ்சு பறக்கும். ஒரு பொறி விழுந்தால் போச்சு, முதலாளி தீப்பெட்டியைப் பார்த்தாலே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். பீடி வேண்டுமென்றால் தறியை நிறுத்திவிட்டு வெளியே ரோடு வரைக்கும் போக வேண்டும். தறி நின்றால் துணி குறையும். அதனால் நாளைக்கு ஏழு.

“இந்தக் குழலு?”

“இதுல நெருப்பு கெடையாதே சிஸ்டர். கொட்டாய்க்குள்ளயே புடிக்கலாம். தறி ஓடிக்கினே இருக்கும், நான் பாட்டுக்கு இழுத்துக்கினே இருப்பேன்.”

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்குமா?”

“ஆமா. புதினா வாசனை. நல்லாத்தான் கீது.”

கேசியா குழலைக் கல்பனாவிடம் திருப்பிக் கொடுத்தாள். இதற்குள்ளே புகையிலைச் சத்து இருக்கும் என்று நினைக்கிறேன், பீடியைவிட அதிகமாகவே உள்ளே போயிருக்கும், உன் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்றாள்.

கல்பனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷன் மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம்.

“அக்கா, நீங்க வேதக்காரங்க. எங்க சாமின்னா உங்களுக்கு ஆவாது. அதான் இப்டி பேசறீங்க.”

“எங்க சபைக்கும் ஒருத்தர் வந்தாரும்மா. ஜெபம் பண்ண எண்ணெய், பூசினா சர்க்கர போயிடும்னு வித்தாரு. எங்க அம்மா ரெண்டு பாட்டில் வாங்கினாங்க. நான் அவர்கிட்டயும் இதே கேள்விதான் கேட்டேன், உள்ள இன்னா இருக்குதுன்னு. அவரும் என்னை விசுவாசம் இல்லாதவன்னுதான் சொன்னாரு.”

“இதுல துளசித் தீர்த்தமும் வாயுவும்தான் இருக்குதுன்னு சாமியே சொன்னாரு. நான் வேணா குடிச்சிக் காட்டவா? நான் பொறந்ததுலருந்து பீடிய மோந்துகூட பாத்ததில்ல. எனக்கு ரெண்டு கோடு வந்தா நீங்க சாமிகிட்ட வந்து மன்னிப்பு கேப்பீங்களா?”

கேசியா வேண்டாம் என்றாள். பழக்கமில்லாத உடம்பு, தலை சுற்றும், வாந்தி வரும் என்று சொன்னாள்.

“தீர்த்தம் குடிச்சா எங்கியாச்சும் தலை சுத்துமா அக்கா?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அன்று சாயங்காலமே நகரியில் கிடைத்தது. கல்பனா நூல் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்து, புருஷன் இழுக்கிற மாதிரியே ஒரு மணி நேரம் இழுத்தாள். எழுந்தபோது கொட்டகை சுற்றியது. தறியெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வெளியே ஓடிப்போய் வேலி ஓரம் வாந்தி எடுத்தாள். ஜெகநாதன் அந்தப் பக்கம் வந்தவன், இது உள்ளே இருக்கிற ராகு வெளியே போகிற அறிகுறி என்று ஆறுதல் சொன்னான். பீடியே குடிக்காதவளுக்குள் ராகு எப்போது போனான் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வாந்தியோடு போய்விடவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதி. கேசியா கொடுத்த கப்பை வாங்கிக்கொண்டு போனாள், கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரு கோடு.

கேசியா பட்டையைக் கல்பனாவிடம் நீட்டினாள். கல்பனா அதை வாங்கிப் பார்த்தாள். “நேத்து இதே எடத்துல, எல்லார் எதுர்லயும், அந்த மனுசன பொய்யன்னு சொன்னேன்.” பட்டையைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னாள். இன்னும் ஒரு புதுப் பட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த செவ்வாய்க்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் மாத்திரை அலமாரியிலிருந்து இறங்கி முனிரத்தினத்தின் வாய்க்குப் போனது. பச்சைக் குழல் அவன் கையிலிருந்து அவள் முந்தானைக்கு வந்தது. அவன் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான், சோற்றுத் தட்டைத் தள்ளினான், கை நடுங்கியது. துளசித் தீர்த்தம் கிடைக்காமல் கை நடுங்கிய மனிதர் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் வழக்கம்போல நிறைந்திருந்தது. வேட்டி அற்புதம் முடிந்து, பக்தர்கள் மைக்கில் சந்தேகம் கேட்கும் நேரம் வந்தது. சுவாமிகள் மேடையில் புலித்தோல் அச்சுப் போட்ட போர்வையின் மேல் உட்கார்ந்து, தங்க நிறக் குழல் ஒன்றை அவ்வப்போது இழுத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்டவர்களின் சந்தேகமெல்லாம் சார்ஜர் சம்பந்தமாக இருந்தது. கல்பனாவின் முறை வந்தது. பின்னால் முனிரத்தினம் காலில் துணி சுற்றி நின்றான், அவன் பக்கத்தில் ஜெகநாதன்.

அவள் பணிவாகத்தான் ஆரம்பித்தாள். சாமி கொடுத்த குழலைப் பிடிக்கிற ஒரு ஆள். பீடியே தொடவில்லை என்று சத்தியம் செய்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைச் சோதித்ததில் புகையிலை இருக்கிறது என்று கோடு வந்துவிட்டது. இது எப்படி?

சுவாமிகளுக்கு இது புதிதல்ல. குழலால் பலன் இல்லை என்று வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் தருகிற பதில் ஒன்றுதான்.

“பயப்படொத்து தல்லி, நீ பயப்பட வேணாம். குழலு பொய் சொல்லாது. மனுசன் சொல்லுவான். அவன் ஒளிஞ்சி குடிக்கிறான்.”

“ஞானக் கண்ணால பாத்து சொல்லுங்க சாமி. மனசு கேக்கல.”

சுவாமிகள் கண்ணை மூடினார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கூட்டம் கையைக் கூப்பிக்கொண்டது.

“தெரியுது. தறிக் கொட்டாய். அதுக்குப் பின்னால ஒரு மரம். கட்டம் போட்ட லுங்கி. எடது கையில பீடி.”

“தெனம் எத்தினி சாமி?”

“மூணு. யாரும் பாக்கலன்னு மீசைய தடவிக்கினு குடிக்கிறான்.”

மண்டபமே திரும்பி முனிரத்தினத்தைப் பார்த்தது. அவன் லுங்கிதான் கட்டியிருந்தான். மீசையும் வைத்திருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இந்த ஒரு பார்வைக்குத்தான் அவன் அந்த வாரம் முழுக்கப் பயந்திருந்தான்.

கல்பனா பொட்டலத்தைப் பிரித்துப் பட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“சாமி, இது என் மூத்திரம்.”

முதலில் சிரித்தது பெண்கள் பக்கம். நகரியிலிருந்து வந்த பெண்களுக்குக் கல்பனாவைத் தெரியும். கட்டம் போட்ட லுங்கியில், மரத்தடியில், மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிற கல்பனாவை அவர்கள் மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி சிரித்தாள், அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போயிற்று.

சுவாமிகள் கண்ணைத் திறந்தார். லேசில் மாட்டுகிற ஆளா? புருஷன் செய்த புகைப் பாவம் பெண்டாட்டிக்கு ஒட்டிக்கொண்டது, அதுதான் கோடாக வந்திருக்கிறது என்றார். ஐந்தாறு பேர் ‘ஆமாம், இருக்கும்’ என்று தலையாட்டினார்கள். சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே தலையாட்டத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். எந்த ஊர்க் கூட்டத்திலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

கல்பனா இரண்டாவது பட்டையை எடுத்தாள். அது புதுசு.

“அப்ப உங்களுக்குப் பொண்டாட்டி கெடையாது சாமி. பீடி தொட்டதில்லன்னு நீங்களே சொல்றீங்க. நாள் பூரா அந்தக் குழலத்தான் இழுக்கிறீங்க. பாத்ரூம் பக்கத்துலதான் கீது. போய்ட்டு வாங்க. ரெண்டு கோடு வந்தா நான் இங்கியே விழுந்து கும்புடறேன்.”

மூத்திரம் என்பது மைக்கில் பேசத் தக்க விஷயமல்ல என்றார் சுவாமிகள். இவ்வளவு நேரம் கல்பனாவின் மூத்திரத்தை ஞானக் கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

அப்போது முனிரத்தினம் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். தறிச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குரல் பெரிசு என்பதால் மைக் தேவைப்படவில்லை.

“ஆதார்ல ஜனவரி ஒண்ணு, எழுவத்தொம்பதுன்னு போட்டிருக்கிறவங்க யார் யாரு? குழலத் தூக்குங்க.”

ஒன்பது பேர் தூக்கினார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரம் ஒன்று. மிஞ்சிப் போனால் பாதி நாளுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கலாம். அங்கே பச்சை இருந்தது, மஞ்சள் இருந்தது, சிவப்பு, நீலம், ஆரஞ்சு இருந்தது. பக்கத்து வீட்டு ஜெகநாதன் தூக்கிய குழல் ஊதா. மகம், மாம்பழ வாசனை. அவன் அதை அண்ணாந்து பார்த்தான். மற்ற எட்டையும் பார்த்தான். ஒரே நாளில் இத்தனை நட்சத்திரத்தில் பிறந்த ஊர் நகரி ஒன்றுதான்.

கூட்டம் மேடையைப் பார்த்துத் திரும்பியபோது மேடையில் போர்வை மட்டும் இருந்தது. சமையல்கட்டின் பின்கதவில் ஒரு காவித் துண்டு மாட்டிக் கிழிந்து தொங்கியது. வாயுநாதர் காற்றாகவே போய்விட்டார், அந்த மட்டுக்கும் பெயர் பொய்யில்லை.

அண்ணாதுரையால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை. விபூதித் தட்டோடு பிடிபட்டவன், தான் சம்பளத்துக்கு வந்தவன் என்று அழுதான். எந்த நட்சத்திரத்துக்கு எந்தக் குழல் என்று எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

“பச்ச தீந்துபோனா மஞ்ச குடுப்பேன்யா. அவ்ளோதான். கம்ப்யூட்டர் ஆன்கூட ஆவாது.”

உள்ளே என்ன இருக்கிறது என்று கல்பனா கேட்டாள். அவன் பதில் சொல்லாமல், அவள் கையிலிருந்த பச்சைக் குழலில் சுவாமிகள் படம் போட்ட ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தான். அடியில் இங்கிலீஷில் பொடி எழுத்து. பத்தாவது பாஸான ஜெகநாதன் எழுத்துக் கூட்டி மைக்கில் வாசித்தான். நிகோடின், ஐந்து சதவீதம். புகையிலைச் சத்து, அடிமையாக்கும். எச்சரிக்கை அச்சடிக்கப்பட்டேதான் வந்திருந்தது. அதன் மேல்தான் சாமி சிரித்துக்கொண்டிருந்தார். கறை படியாத வேட்டியைத் தடவித் தடவிப் பார்த்த கைகளில் ஒன்றுகூட இந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கவில்லை.

யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். அண்ணாதுரை ஜீப்பில் போனான். மண்டபத்து நடுவில் குழல்கள் குவிந்தன. பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். தீர்த்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் விட முடியவில்லை. சுவாமிகள் நிஜமாகச் செய்த அற்புதம் அது ஒன்றுதான்.

டாக்டர் விரலைக் காப்பாற்றப் பார்த்தார். குழல் பிடித்த ஐந்தாறு வாரத்தில் அது காப்பாற்றுகிற நிலையைத் தாண்டிப் போயிருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. மாத்திரையும் பேச்சும் எரிச்சலும் சண்டையுமாக முனிரத்தினம் நிஜமாகவே விட்டான். ஆபரேஷனுக்கு முன் கேசியா கொண்டுவந்து காட்டிய பட்டையில் இரண்டு கோடு இருந்தது. கல்பனா அதைப் பார்த்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் ஜெகநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆறு சாத்துக்குடி வாங்கி வந்திருந்தான். அந்தத் திருட்டுச் சாமியை வாயார வைதான். இனிமேல் எவனையும் நம்புவதில்லை என்று கட்டில் சட்டத்தில் அடித்துச் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, குடுபல்லிப் பக்கம் ஒரு அம்மா வந்திருப்பதாகவும், ரத்த குரூப்பைப் பார்த்துச் சர்க்கரை வியாதிக்குச் செம்பு வளையல் போட்டுவிடுவதாகவும் பேச்சை எடுத்தான். பத்து வருஷமாக அவனுக்குச் சர்க்கரை. இந்த அம்மா அந்தச் சாமி மாதிரி இல்லை, நட்சத்திரம் கிட்சத்திரம் ஒன்றும் கேட்பதில்லை, ரத்த குரூப், எல்லாம் சயின்ஸ். வளையல் போட்ட அன்றைக்கே, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடச் சொல்கிறாராம் அந்த அம்மா. வெள்ளிக்கிழமை போகப் போவதாகச் சொன்னான்.

வளையல் எப்படிச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கேட்டாயா என்றாள் கல்பனா. சாமி காரியத்தில் அதெல்லாம் எப்படிக் கேட்பது என்றான் ஜெகநாதன்.

முனிரத்தினம் போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட இடது காலை அவன் மடிக்கு நேரே நீட்டினான்.

“நான் ஒரு கேள்வி கேக்காம விட்டேன், ஒரு வெரலு போச்சி. நீ ஒண்ணுமே கேக்க மாட்டேன்ற. உனக்கு கால்ல எத்தினி வெரலு கீது, ஜெகநாதா?”